ஊட்டிக் குளிரில் ஆறு ஆண்டுகள்: ஒரு மெரினோ, ஒரு கறுப்புக் கம்பளி, ஒரு போலி

ஊட்டிக்கு மாற்றலாகி வந்த முதல் வாரமே, 'சுத்தமான உல்லன்' என்று கடைக்காரர் சத்தியம் செய்த ஸ்வெட்டரை வாங்கினேன். இரண்டே மாதத்தில் அக்குள் பக்கம் உருண்டை உருண்டையாகத் திரண்டது. ஓர் இழையைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினேன். உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. ஆட்டு மயிர் என்றால் முடி கருகும் நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியும். நான் வாங்கியது அக்ரிலிக் என்ற செயற்கை இழை.

அடுத்து, மெரினோ என்ற ஆட்டினத்தின் மெல்லிய மயிரில் பின்னிய முழுக்கை பனியன். விலையைக் கேட்டு வீட்டில் இரண்டு நாள் மௌனம். இன்றுவரை குளிர்காலத்தில் அதைத்தான் போடுகிறேன். கம்பளி குத்தும் என்று ஒதுங்குபவர்களுக்குச் சொல்கிறேன்: குத்துவது இழையின் தடிமன். ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழையின் முனை வளையாமல் தோலைக் குத்தும். மெரினோ இழை பெரும்பாலும் 24 மைக்ரானுக்குள் அடங்கும், பட்டதும் வளைந்துவிடும்.

தொட்டபெட்டா ஏற்றத்தில்தான் அதன் அருமை தெரிந்தது. வியர்த்துப்போய் உச்சிக் காற்றில் நின்றால் பருத்தி பனியன் முதுகில் ஒட்டி நடுங்க வைக்கும். கம்பளியோ தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழைக்குள் வாங்கிக்கொண்டும் நனைந்ததாகக் காட்டாது. மூன்று நாள் தொடர்ந்து போட்டாலும் நாறாது (மனைவி இதை ஒப்புக்கொள்ளவில்லை).

குறும்பாட்டு மயிரில் நெய்த கறுப்புக் கம்பளி அப்பாவுடையது. வெறும் உடம்பில் போர்த்தினால் முள்தான். ஆனால் தூறலில் தலையில் கவிழ்த்துக்கொண்டால் நீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது. ஆடு மேய்ப்பவர்கள் இதை விடாததன் காரணம் அப்போதுதான் புரிந்தது.

என் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். நல்ல ஸ்வெட்டர் ஒன்றை வெந்நீரில் வாஷிங் மெஷினில் சுற்றவிட்டேன். இழைமேல் உள்ள செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டு இறுகிவிட, ஐந்து வயது மகளுக்கு அளவெடுத்தது போல் வெளியே வந்தது. இழுத்தும் பார்த்தேன், மீளவில்லை. இன்னொன்றை வியர்வையோடு மடித்து வைத்தேன். மழைக்காலம் முடிவதற்குள் அந்துப்பூச்சியின் புழுக்கள் அதைச் சல்லடையாக்கின. இப்போதெல்லாம் குளிர்ந்த நீரில் கையால் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் தட்டையாகப் பரப்பி உலர்த்துகிறேன். நன்றாக உலர்ந்த பிறகே காற்றுப் புகாத பையில் வைக்கிறேன்.

மெரினோவின் குறை, மெல்லிய இழை சீக்கிரம் தேய்கிறது. சென்ற மாதம் வலது முழங்கையில் ஓட்டை விழுந்தது. சாம்பல் நிற நூல் கிடைக்காமல் பச்சை நூலில் தைத்துப் போட்டிருக்கிறேன்.