சங்கா, புட்டியா, சிலிக்கான் கோப்பையா: எடை குறைந்த குழந்தைக்கு எதில் பால் புகட்டலாம்?

தங்கைக்கு 34 வாரத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது, குழந்தை 1.7 கிலோ. மார்பில் வைத்தால் நாலு முறை சப்பிவிட்டு அப்படியே தூங்கிவிடும். பாலைப் பீய்ச்சி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 20 மிலி புகட்டுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி பாலக்கோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எதில் புகட்டுவது என்பதில்தான் வீட்டில் ஆளுக்கு ஒரு பேச்சு.

புட்டியை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்து வருவதே ஏறக்குறைய 34 வாரத்துக்கு மேல்தான், அந்த நிலையில் ரப்பர் காம்பிலிருந்து பால் கடகடவென்று வந்தால் குழந்தை திணறும். அப்புறம் காம்பின் உள்பக்கம், மூடியின் மரை என்று பால் தங்கும் இடங்களை எவ்வளவு தேய்த்தாலும் முழுசாகச் சுத்தமாவதில்லை. பால் புட்டிக்கு விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் பார்க்க வந்தவர்களில் இரண்டு பேர் புட்டிதான் வாங்கி வந்தார்கள்.

சங்கு, அதாவது பாலாடை, எனக்கு ரொம்பப் பிடித்த பொருள். யார் கண்டுபிடித்தார்களோ, ஒரு மூட்டு கிடையாது, மூடி கிடையாது, கழுவும்போது உள்ளே ஒவ்வொரு இடமும் கண்ணுக்குத் தெரியும். தங்கையின் மாமியார், "இதுலதான் என் மூணு புள்ளைங்களையும் வளர்த்தேன்" என்று வெள்ளிச் சங்கை எடுத்து வந்தார். விளிம்பில் பூ வேலைப்பாடு. கொதிக்க வைத்து எடுத்த பிறகும் அந்தக் கோடுகளுக்குள் காய்ந்த பால் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. "அத்தை, இது பேர் வைக்கிற அன்னைக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வேலைப்பாடு இல்லாத ஸ்டீல் சங்கு வாங்கினோம்.

சங்கின் உண்மையான ஆபத்து அதைப் பிடிக்கும் கையில்தான் இருக்கிறது. காலில் கிடத்தி, கன்னத்தை அழுத்தி ஊற்றும் பழைய முறையில் பால் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். நர்ஸ் காட்டியது வேறு: குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாதி நிரப்பிய சங்கின் மூக்கைக் கடைவாயில் வைத்துத் துளித்துளியாகச் சாய்ப்பது, விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த துளி. ஆனால் சிந்தும். கழுத்து மடிப்பில் ஓடியதையும் கணக்கில் கழிக்க வேண்டும், அதனால் அளவு பார்க்க மட்டும் ஊசி இல்லாத 10 மிலி சிரிஞ்சு வைத்துக்கொண்டோம்.

இந்தக் கைப் பிசகை வடிவத்தாலேயே குறைக்கப் பார்ப்பதுதான் நிஃப்டி கோப்பை. அமெரிக்காவின் சியாட்டிலில் உருவானது, மெத்தென்ற சிலிக்கான். அம்மா நேராக அதிலேயே பீய்ச்சலாம், உதட்டுக்குப் பக்கத்தில் சின்னக் குழியில் கொஞ்சம் பால் நிற்கும், குழந்தை தன் வேகத்துக்கு நக்கிக் குடிக்கும். கொதிக்கவும் வைக்கலாம். யோசனை என்று பார்த்தால் சங்கைவிட ஒரு படி மேல்தான், ஆனால் நான் தருமபுரியில் ஏறி இறங்கிய மெடிக்கல் கடைகளில் கிடைக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குக் கையில் இருப்பதுதானே உதவும்? அதனால் என் ஓட்டு ஸ்டீல் சங்குக்குத்தான்.

ஓசூர்ப் பட்டறைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள்: மூக்குக்கு முன்னால் அதேபோல ஒரு ஆழமில்லாத குழி வைத்து, உள்ளே கோடு கீறாமல், ஸ்டீலில் ஒரு சங்கு செய்து பாருங்கள்.

பாப்பா இப்போது 2.4 கிலோ. பகலெல்லாம் அம்மா மார்பில்தான், ராத்திரி ஒரு வேளை மட்டும் சங்கு.