தாலுகா ஆபீஸில் உட்பிரிவு பட்டா: ஐந்துக்கு இரண்டரை

மதுரைக்கு வெளியே உள்ள ஒரு தாலுகா ஆபீஸ். பேர் வேண்டாம், மாவட்டத்தில் 11 தாலுகா இருக்கிறது, எதுவென்று வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்த பிறகு எங்கள் பங்கை உட்பிரிவு செய்து தனிப் பட்டா வாங்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. முழு சர்வே நம்பரும் அப்படியே கைமாறுகிறது என்றால் இப்போதெல்லாம் பத்திரம் பதிந்ததுமே கணினியில் தானாகப் பேர் மாறிவிடுகிறது, ஆபீஸ் வாசலை மிதிக்காமலே பட்டா வாங்கியவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. நிலத்தை அளந்து கோடு போட வேண்டும் என்று வந்தால்தான் கதை வேறு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இ-சேவை மையத்தில் மனு போடுவது சுலபம், 60 ரூபாயும் உட்பிரிவுக் கட்டணமும் கட்டினால் மனு எண்ணோடு ரசீது கையில் வந்துவிடும், அந்த எண்ணை வைத்து செல்போனிலேயே நிலவரம் பார்க்கலாம். ஆபீஸில் யாரும் எரிந்து விழவில்லை. யாரும் பைசா கேட்கவும் இல்லை, அதையும் எழுதத்தான் வேண்டும். இரண்டரை மார்க் இதற்கெல்லாம் சேர்த்துத்தான்.

அப்புறம் ஒருநாள் மனு முடிவுற்றது என்று மெசேஜ் வந்தது. ஆபீஸுக்குப் போனால் சீட்டில் இருந்த பையன் நிஜமான சந்தோஷத்தோடு “முடிஞ்சிருச்சேண்ணே” என்றான்.

“பட்டா எங்க தம்பி?”

“பட்டா இல்லண்ணே, மனு முடிஞ்சிருச்சு. தள்ளுபடி.”

காரணம் என்று ஒரே ஒரு வரி: புலத்தணிக்கையின்போது மனுதாரர் ஆஜராகவில்லை. நிலத்தை நேரில் வந்து பார்க்கிற அந்தப் புலத்தணிக்கை என்றைக்கு என்று யாராவது சொல்லியிருந்தால்தானே ஆஜராவது? சொல்ல வேண்டியது யார் என்று கேட்டால் சர்வேயர் பக்கம் கை காட்டுகிறார்கள், சர்வேயரைக் கேட்டால் வி.ஏ.ஓ. மூலம் தகவல் போயிருக்கும் என்கிறார், வி.ஏ.ஓ.வுக்கு அப்படி ஒரு தகவலே வரவில்லை. மூன்று பேரும் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. மனுதாரருக்குத் தேதி சொல்வது என்ற வேலை அந்த மூன்று நாற்காலியில் எதற்கும் சொந்தமில்லை, அதுதான் விஷயம்.

மறுபடியும் பணம் கட்டி புது மனு போட்டேன். இப்போது கணக்கைப் பாருங்கள், ஒரே நிலம், ரெண்டு மனு, அதில் ஒன்று ஏற்கெனவே ‘முடிவு’. மேலே போகிற அறிக்கையில் பட்டா கொடுத்ததும் முடிவு, தள்ளியதும் முடிவு. நிலுவை எவ்வளவு என்று வாராவாரம் மீட்டிங்கில் கேட்கிறார்கள், நிலுவையைக் குறைக்க அளப்பதைவிடத் தள்ளுவது சுலபம். சோம்பேறித்தனம் என்று பொதுவாகத் திட்டுகிறோமே, நான் பார்த்தவரை அங்கே இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. எங்கள் பிர்க்கா (சில கிராமங்கள் சேர்ந்த வருவாய் வட்டாரம்) சர்வேயர் பக்கத்து பிர்க்காவையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கிறார், அளவுச் சங்கிலியைச் சாக்கில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டு வெயிலில் அலைகிற மனிதர். போதாததற்கு 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யுடிஆர் கணக்கில் புகுந்த பிழைகள் இன்னும் அப்படியே கிடக்கின்றன, புலப்படம் ஒரு அளவு சொல்லும், தரை வேறு அளவு சொல்லும், சர்வே கல் வரப்போடு புதைந்திருக்கும்.

வருவாய்த் துறைக்குத் தன் வேலையைச் செய்யவே வருஷத்தில் நாள் கிடைப்பதில்லை. தை பிறந்தால் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு டூட்டி. சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு டூட்டி. தேர்தல், வாக்காளர் பட்டியல், நிவாரணக் கணக்கு, ஜூலை 1-ல் புதுப் பசலி (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டு) பிறப்பதற்குள் ஜமாபந்தி என்கிற வருடாந்திரக் கணக்குத் தணிக்கை. இதில் எதையும் தள்ளிவைக்க முடியாது, ஆகவே தள்ளிவைக்க முடிந்த நம் மனு தள்ளிப்போகிறது.

குறித்த நாளுக்குள் அரசு சேவையைத் தரக் கட்டாயப்படுத்தும் சேவை உரிமைச் சட்டம் இங்கேயும் வந்தால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மத்தியப் பிரதேசம் 2010-லேயே கொண்டுவந்தது, கர்நாடகத்தின் சகாலா சட்டம் 2011-ல் வந்தது. சகாலாவில் தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 ரூபாய் மனுதாரருக்கு, அதிகாரி சம்பளத்திலிருந்து பிடித்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தள்ளுபடியையும் முடிவு என்றே எண்ணும்வரை, அபராதத்துக்குப் பயந்து கெடு முடிவதற்கு முந்தின நாளே தள்ளிவிடுவார்கள். தள்ளியவற்றைத் தனியாக எண்ணட்டும், அதே சர்வே நம்பருக்குத் திரும்ப வருகிற மனுவைப் பழைய மனுவோடு சேர்த்துக் காட்டட்டும், அப்புறம் அபராதம் போடலாம். (முதல்வர் உதவி எண் 1100-க்குப் போன் செய்தும் பார்த்தேன். அந்தப் புகாரும் ‘முடிவுற்றது’. சிரித்துவிட்டேன்.)

இரண்டாவது மனுவில் பட்டா வந்துவிட்டது. போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மனு போட்ட கையோடு சர்வேயர் நம்பரை வாங்கி நீங்களே தேதி கேளுங்கள், அவர் கூப்பிடட்டும் என்று இருக்காதீர்கள். பத்திரம், வில்லங்கச் சான்று, மூலப்பட்டா மூன்றையும் தெளிவாக ஸ்கேன் செய்து ஏற்றுங்கள், ‘ஆவணம் தெளிவாக இல்லை’ என்பதும் தள்ள ஒரு நல்ல காரணம். மனு நகரவே இல்லை என்றால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ வில்லை ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டு, எந்தத் தேதியில் யார் கையில் இருந்தது என்று மட்டும் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். காரணமில்லாமல் தள்ளினால் வருவாய் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. அளக்க வருகிற அன்றைக்குப் பக்கத்து நிலத்துக்காரரையும் வரப்பில் நிறுத்திவையுங்கள், அவர் ஆட்சேபம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி முதலிலிருந்து.