மெர்லோ என்று நினைத்து வளர்த்த திராட்சை

சிலியின் கொல்சாகுவா பள்ளத்தாக்கிலிருந்து வந்த கார்மெனேர், அதே பெயருள்ள திராட்சை ரகத்தில் செய்த சிவப்பு ஒயின். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது பழ வாசனை இல்லை, அப்போதுதான் நறுக்கிய குடைமிளகாயின் வாசனை. எனக்குப் பிடிக்கும், முகம் சுளிப்பவர்களும் உண்டு. பைரசின் என்ற சேர்மங்கள் தரும் பச்சை வாடை அது. நன்றாகப் பழுத்தால் குறையும். ஆனால் இந்த ரகம் மெர்லோ என்ற இன்னொரு கறுப்புத் திராட்சை ரகத்தைவிடச் சில வாரங்கள் தாமதமாகத்தான் பழுக்கும், அவசரப்பட்டுப் பறித்தால் ஒயின் காட்டிக்கொடுத்துவிடும். முன்பு நான் வாங்கிய மலிவான பாட்டில் ஒன்றில் அந்த வாடையைத் தவிர வேறெதுவுமே இல்லை.

இது அப்படியில்லை. அரை மணி நேரம் கோப்பையில் விட்டுவைத்தேன். கறுத்த பிளம்ஸ், மிளகு, அடியில் காப்பித்தூள் போல லேசான கருகல். துவர்ப்பு நாக்கைப் பிடித்து இழுக்கவில்லை; கபர்னே சோவிஞோன் என்ற ரகத்து ஒயினின் முறுக்கு இதில் கிடையாது.

கார்மெனேர் பிறந்த இடம் பிரான்சின் போர்தோ. 19ஆம் நூற்றாண்டில் பில்லோக்செரா பூச்சி அங்கிருந்த தோட்டங்களை அழித்தபின் இந்த ரகம் அங்கே கிட்டத்தட்ட மறைந்தே போனது. அதற்கு முன்பே கப்பலேறிய பதியன்கள் சிலியில் மெர்லோவோடு கலந்து, மெர்லோ என்ற பெயரிலேயே வளர்ந்தன. 1994இல் ழான்-மிஷெல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர்தான் அடையாளம் கண்டு சொன்னார். ஒவ்வொரு மடக்கிலும் எனக்கு அந்த நினைப்பு வருகிறது.

ஒரே குறை, புளிப்பு கொஞ்சம் கம்மி. அறைச் சூட்டில் மந்தமாகிவிடுகிறது. கால் மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுங்கள்.