எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்துக் கிளப்: இரண்டாண்டு அனுபவம்

என் மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது இந்தக் கிளப்பில் சேர்ந்தாள். இப்போது பத்தாம் வகுப்பு. இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், அரசுப் பள்ளி மைதானம் ஒன்றில் மாலை நேரத்தில் இயங்கும் கிளப் இது. பெண்பிள்ளையை விளையாட அனுப்பலாமா என்று தயங்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் வேறொரு பயிற்சி மையத்தைத்தான் பார்த்தோம். அங்கே அரைக்கால் சட்டை கட்டாயம், பயிற்சி இரவு எட்டு மணி வரை, வெளியூர் ஆட்டங்களுக்குத் துணைவர ஒரு பெண்கூட இல்லை. என் மாமியார் வேண்டாம் என்றபோது அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இங்கே முழுநீள லெக்கிங்ஸும் தலைத்துணியும் அணிந்து ஆடலாம். தலையை மறைத்து ஆட உலகக் கால்பந்து விதிகளே 2014 முதல் அனுமதிப்பதால், துணி கறுப்பாகவோ ஜெர்சியின் நிறத்திலோ இருக்க வேண்டும், ஊசி குத்தக்கூடாது என்பதை மட்டும் கோச் முதல் நாளே சொல்லிவிடுகிறார். அதே சமயம், அரைக்கால் சட்டையில் ஆடும் பிள்ளையை யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. எனக்கு இதுவே பெரிதாகப் பட்டது. நோன்பு மாதத்தில் ஓட்டத்தைக் குறைத்து, பந்தைக் கட்டுப்படுத்தும் பயிற்சியோடு அரைமணி முன்னதாகவே முடித்துவிடுகிறார்கள். வெளியூர் ஆட்டம் என்றால் இரண்டு தாய்மார்கள் வேனில் உடன் போகிறார்கள்.

உடை மாற்ற, மைதானத்து ஓரத்தில் இருந்த பழைய சாமான் அறையைச் சீராக்கி, உட்புறம் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு தகர டப்பாவில் நாப்கின் எப்போதும் இருக்கும். யாரையும் கேட்க வேண்டியதில்லை, எடுத்ததை எழுதி வைக்கவும் வேண்டியதில்லை. வயதுக்கு வந்ததும் விளையாட்டை விட்டுவிட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால், அந்த டப்பாவைக் கண்ட அன்றே சேர்ப்பது என்று முடிவெடுத்தேன்.

பண விஷயத்திலும் கிளப் பட்டுத் தெளிந்திருக்கிறது. முன்பு ஒரு நிறுவனம் கொடுத்த நன்கொடையை நம்பியே நடந்ததாம். அது நின்ற ஆண்டில் பந்து வாங்கக்கூடக் காசில்லையாம். இப்போது மாதச் சந்தா 200 ரூபாய்க்கும் கையோடு ரசீது தருகிறார்கள். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருப்பதால் ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு செலவை வாசிக்கிறார்கள். சென்ற ஆண்டு வேன் வாடகையைப் பற்றித் தாய்மார்கள் கேட்ட கேள்விகளுக்குச் செயலாளர் அரைமணி நேரம் நின்று பதில் சொன்னார். இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, இங்கே ஆடிய இரண்டு பெண்கள் டி லைசென்ஸ் என்ற கோச்சுக்கான தகுதிப் படிப்பை முடித்து இளையவர்களுக்குப் பயிற்சி தருவது. தமிழ்நாட்டு மகளிர் அணி 2018இலும் 2023இலும் தேசியப் பட்டம் வென்றது. மதுரையின் சேது எஃப்சி 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. திறமைக்குப் பஞ்சமில்லாத இடத்தில், கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு பெண் மைதானத்தில் நிற்க வழி இருக்கிறதா என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

குறைகளும் உண்டு. பொதுத்தேர்வு நாட்களில் மைதானம் கிடைப்பதில்லை. கழிப்பறை ஒன்றே ஒன்று. பிளஸ் டூ பிள்ளைகள் பாதிக்கு மேல் நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காக ஞாயிறு காலையிலாவது தனிப் பயிற்சி வைக்க வேண்டும் என்று பொதுக்குழுவில் கேட்டிருக்கிறேன், இன்னும் முடிவாகவில்லை.

சேர்க்கை ஜூனில் நடக்கும். புதிய ஷூ வாங்கும் முன் அறையில் உள்ள அலமாரியைப் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகள் விட்டுச்சென்ற ஷூக்களை அளவு எழுதி அடுக்கியிருக்கிறார்கள். என் மகள் முதல் ஆண்டு முழுவதும் அப்படி ஓர் அக்காவின் ஷூவில்தான் ஆடினாள்.