பழைய கொலம் வாங்குகிறீர்களா? முதலில் ஸ்டிக்கரை உரியுங்கள்

எச்பிஎல்சி, அதாவது ஒரு கலவையில் உள்ள பொருட்களைப் பிரித்து அளக்கும் கருவி, வைத்திருக்கும் சிறிய ஆய்வுகூடங்களில் வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொலம் என்பது அதில் பொருட்களைப் பிரிக்கும் குழாய். எனக்கு 65,000 ரூபாயும் பதினொரு நாளும் போயின. உங்களுக்கும் போகவேண்டாம்.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது எங்களுக்குத் தொற்றிய பழக்கம் இது. புதிய கொலத்துக்கு விலை கேட்பது, பிறகு பேசாமல் பாவித்த ஒன்றைத் தேடுவது. ஹட்டனில் இருக்கும் எங்களுக்குத் தோட்டங்களிலிருந்து வரும் தேயிலை மாதிரிகள்தான் வருமானம். அந்த முறை தேயிலையில் உள்ள தியனைன் என்ற அமினோ அமிலத்தின் அளவு கேட்டுப் பதினான்கு மாதிரிகள் வந்திருந்தன. எங்கள் கொலமோ அடைத்துக் கிடந்தது. கொழும்பில் ஒரு விற்பனையாளர் "கொஞ்ச நாள்தான் பாவித்தது, சுத்தமாகக் கழுவியது" என்று சொல்லி ஒரு சி18 கொலத்தை (உள்ளே எண்ணெய்த்தன்மையான பூச்சுள்ள துகள்கள் நிரம்பியது) பஸ்ஸில் பார்சலாக அனுப்பினார். 250 மில்லிமீற்றர் நீளம், 4.6 விட்டம், 5 மைக்ரோன் துகள்கள். கூடவே கொலத்தைச் சோதித்துப் பார்த்த வரைபடத் தாள் ஒன்று. அதில் உச்சிகள் ஊசி போல நின்றன.

முதல் ஓட்டத்தில் தியனைன் 9.1 நிமிடத்தில் கொலத்தை விட்டு வெளியே வந்தது. எங்கள் பழைய கொலத்தில் அது 4.3இல் வரும். சரி, வேறு கொலம், வேறு நேரம் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது ஓட்டத்தில் 8.6. மூன்றாவதில் 8.2. அன்று மாலைக்குள் ஏழுக்குக் கீழே இறங்கிவிட்டது. கஃபீனோ ஒவ்வொரு தடவையும் அதே 17.5இல், அசையாமல்.

குளிரைக் குற்றம் சொன்னேன். பிஎச் மீற்றரைக் குற்றம் சொன்னேன். வெட்கத்தோடு சொல்கிறேன், உதவிக்கு இருக்கும் தம்பியையும் விடவில்லை. கொலத்தினூடாக ஓடும் கரைசலுக்கான பொசுபோரிக்கமிலத்தைச் சரியாக அளக்கவில்லை என்று அவனை இரண்டு முறை புதிதாகக் கரைக்க வைத்தேன். கஃபீன் நகராமல் நிற்பதைப் பார்த்தபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பம்போ வெப்பநிலையோ காரணமாக இருந்தால் இரண்டும் சேர்ந்தல்லவா நகர்ந்திருக்கும்?

அவன்தான் கண்டுபிடித்தான். கொலத்தின் உடம்பில் விற்பனையாளரின் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஈரத்தில் அதன் ஓரம் எழும்பியிருக்க, நகத்தால் மெல்ல உரித்தான். அடியில் நீலப் பேனா எழுத்து, ஆங்கிலத்தில்: 'அயன் சோடி முறைக்கு மட்டும்'. அதற்குக் கீழே பாதி அழிந்த நிலையில் 'ஒக்டேன் சல்போனேற்று'. முன்பு பாவித்த ஆய்வுகூடம் தன் கடமையைச் செய்திருக்கிறது. அதன்மேல் பார்த்துப் பார்த்து ஸ்டிக்கர் ஒட்டியவர்தான் என்னை ஏமாற்றியவர்.

வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். மின்னேற்றமுள்ள மூலக்கூறுகள் சி18இல் தங்காமல் ஓடிவிடும். அவற்றைப் பிடித்து வைக்கவே அசையும் அவத்தையில், அதாவது கொலத்தினூடாக ஓடும் கரைசலில், சோடியம் ஒக்டேன் சல்போனேற்றுப் போன்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். இதுதான் அயன் சோடி முறை. 5 மில்லிமோல் செறிவுக்கு ஒரு லீற்றருக்கு ஏறக்குறைய 1.08 கிராம். அதன் எண்ணெய் வால் சி18இல் ஒட்டிக்கொள்ளும், எதிரேற்றத் தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கொலம் அரைவாசி அயன் பரிமாற்றியாகிவிடும், நேரேற்றமுள்ளவற்றை இழுத்துப் பிடிக்கும். நேரேற்றமுள்ள தயமின் (விற்றமின் பி1) போன்றவற்றுக்கு அருமையான முறை, குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒட்டியது முழுதாகக் கழன்றுவிடும் என்று நம்ப முடியாது. வால் நீள நீளப் பிடியும் இறுகும். அதனால்தான் அந்த வேலைக்கென்று ஒரு கொலத்தைத் தனியாக ஒதுக்குவார்கள்.

அமில ஊடகத்தில் தியனைனில் ஒரு பங்கு நேரேற்றம் பெறுகிறது. அதனால் மிச்சமிருந்த சல்போனேற்று அதை இழுத்துப் பிடித்தது. ஒவ்வொரு ஓட்டத்தின் முடிவிலும் மெதனோல் கூடும்போது சல்போனேற்றுக் கொஞ்சம் கழன்று போகும். அடுத்த ஓட்டத்தில் பிடி தளரும். ஏற்றமில்லாத கஃபீனுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. சல்போனேற்று 210 நனோமீற்றரில் ஒளியை உறிஞ்சாததால் வரைபடத்தின் அடிக்கோடும் துப்புரவாகவே இருந்தது.

அந்தச் சோதனைத் தாளின் சூட்சுமமும் பிறகுதான் புரிந்தது. தாள் பொய்யல்ல. யுராசில், தொலுயீன், நப்தலீன் என்று ஏற்றமில்லாதவற்றை மட்டுமே ஓட்டியிருந்தார்கள். அவை இந்தக் கறையைக் காட்டிக்கொடுக்கா.

விற்பனையாளரிடம் தொலைபேசியில் கேட்டேன். "மிஸ், ரெண்டு நாள் மெதனோல் ஓடவிடுங்கள், எல்லாம் போய்விடும்" என்றார். முதலில் நீர் கலந்து, பிறகு மெதனோல் மட்டும், நிமிடத்துக்கு ஒரு மில்லிலீற்றராக இரண்டு நாள் ஓடவிட்டோம். ஒரு முழுப் போத்தலும் அடுத்ததில் கொஞ்சமும் தீர்ந்தன. தியனைன் 5.8இல் வந்து, அங்கேயும் நிற்கவில்லை. மறுபடி அழைத்தபோது, பில்லின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் வரியை வாசித்துக் காட்டினார்: பாவித்த பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது. ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டேன். "அது எங்கள் ஸ்டொக் நம்பர்" என்றார்.

பாவித்த கொலம் வாங்கியே ஆகவேண்டுமென்றால், அதில் என்னென்ன அசையும் அவத்தைகள் ஓடின என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வது எதற்கும் உதவாது. ஒரு காரச் சேர்வையை வெறும் அமில ஊடகத்தில் ஐந்து முறை தொடர்ந்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நேரம் நகர்ந்தால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கொலத்தின் உடம்பில் ஒட்டியிருக்கும் எதையும் உரித்துப் பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும்.

தியனைன் வேலைக்குக் கடன் வாங்கிப் புதிய கொலம் எடுத்தோம். பதினான்கு அறிக்கைகளும் தாமதமாகப் போயின. ஒரு தொழிற்சாலை அடுத்த மாதிரிகளைக் கண்டிக்கு அனுப்பிவிட்டது. பாவித்த அந்தக் கொலத்தை நாங்கள் எறியவில்லை. விற்றமின் பி1 சோதனைக்கு அதே ஒக்டேன் சல்போனேற்றோடு இப்போது ஒழுங்காக ஓடுகிறது. நீலப் பேனா எழுத்துக்கு மேல் தம்பி கறுப்பு மையால் மறுபடி எழுதியிருக்கிறான்.

நேற்று அந்த விற்பனையாளர் ஒரு படம் அனுப்பியிருந்தார். 'கொஞ்ச நாள்தான் பாவித்தது' என்ற அதே வாசகம், மூன்று கொலங்கள், மூன்றிலும் அதே இடத்தில் அதே வெள்ளை ஸ்டிக்கர்.