கூச்சத்தில் ஒடுங்கும் பிள்ளை: தனி தெரபியா, குடும்பத்தோடா?

என் மகனுக்கு ஏழு வயது. வீட்டுக்குள் வாய் ஓயாது. வெளி ஆள் வந்தால் என் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். வகுப்பில் 'பிரசன்ட் மிஸ்' சொல்லக் குரல் எழும்பாது. பெரம்பூரிலிருந்து முதலில் விளையாட்டு வழியே பிள்ளையைப் பேசவைக்கும் தனி பிளே தெரபிக்குப் போனோம், பிறகு குடும்ப தெரபிக்கு.

கட்டணத்தில் பெரிய வித்தியாசமில்லை. தனி தெரபிக்கு நான் மட்டும் கூட்டிப்போனால் போதும். குடும்ப தெரபிக்கு மாமியார், கணவர் எல்லோரும் கிளம்ப வேண்டும். சனிக்கிழமை நேரம் கேட்டு வாங்கினோம்.

தனி தெரபியைக் குறை சொல்ல மாட்டேன். ஐந்தாவது வாரம் தெரபிஸ்டிடம் முழு வாக்கியமாகவே பேசினான். ஆனால் வெளியே வந்ததும் ஆட்டோக்காரர் "பேர் என்ன கண்ணா?" என்றால், பதில் என் வாயிலிருந்துதான் வந்தது.

வாரத்துக்கு 168 மணி நேரம். தெரபி அதில் ஒன்று. மீதி நேரம் அவனுக்காகப் பேசியது நாங்கள். குடும்ப தெரபியின் முதல் நாளே இது வெளிப்பட்டது. "உனக்கு என்ன டிபன் பிடிக்கும்?" என்று அவனைக் கேட்டார்கள். மூன்று பெரியவர்களும் ஒரே நேரத்தில் பதில் சொன்னோம். பிள்ளையின் பயத்துக்கு வீடே இப்படி வளைந்துகொடுத்தால் அந்த நிமிடம் அவனுக்கு நிம்மதிதான். பயமோ அப்படியே இருந்துவிடுகிறது. மனசுக்குள் ஐந்து எண்ணிக் காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு படிப்படியாக: கடையில் காசு நீட்டுவது, பொருளைக் காட்டுவது, வாயால் கேட்பது. "புள்ளைய ஏன் வதைக்கிறீங்க?" என்ற மாமியாரிடமே அண்ணாச்சி கடைக்குக் கூட்டிப்போகும் பொறுப்பைக் கொடுத்தார்கள். பாட்டி பக்கத்தில் நிற்க, மூன்றாவது வாரம் "ஒரு பென்சில்" என்றான்.

யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு பதற்றக் கோளாறுள்ள 7 முதல் 14 வயது வரையிலான 124 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு 2020இல் வெளியானது. ஒரு பிரிவில் பெற்றோர் மட்டுமே தெரபிக்குப் போனார்கள். பிள்ளைக்கு நேரடியாகச் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் தெரபி) கொடுத்த பிரிவைவிடப் பலன் குறையவில்லை.

பதின்வயதுப் பிள்ளைக்கும் குடும்ப தெரபியையே சொல்வேனா? அந்த அனுபவம் எனக்கில்லை. பெற்றோர் இல்லாத ஓர் அறை அவர்களுக்குத் தேவைப்படலாம். நன்றாகப் பேசிய பிள்ளை திடீரென்று ஒடுங்கினால் அது வேறு விஷயம், உடனே குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள். எங்கே தொடங்குவது என்று புரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416இல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

வகுப்பில் அவன் குரல் இன்னும் சன்னம்தான், கடைசி பெஞ்சுக்கு எட்டாது. மிஸ்ஸுக்குக் கேட்கிறது.