வகுப்பு முடிந்த பிறகு: திகிரியில் ஒன்றரை வருடம்

திகிரியில், அதாவது குயவர் சக்கரத்தில், மண்பாண்டம் வனையும் எட்டு வார அறிமுக வகுப்பு முடிந்தபோது என்னிடம் ஆறு கிண்ணங்கள் இருந்தன. ஏழாவதைத் தனியாக வனைய உட்கார்ந்த அன்றைக்குத்தான், அந்த ஆறில் பாதி என் கைவேலையே இல்லை என்று புரிந்தது. மண்ணைப் பிசைந்து உருண்டை பிடித்துத் தந்தது ஆசிரியர். உருண்டை ஆட்டம் காட்டும்போதெல்லாம் என் கை மேல் கை வைத்து நடுவுக்குக் கொண்டுவந்ததும் அவர்தான்.

முதல் மூன்று மாதம் சென்டரிங் ஒன்றுதான், அதாவது சுற்றும் மண்ணை ஆட்டமில்லாமல் சக்கரத்தின் நடுவில் நிறுத்துவது. வாரம் இரண்டு முறை, மணிக்கணக்கில் சக்கரம் வாடகைக்குத் தரும் இடத்தில் உட்காருவேன். தோள்பட்டை வலித்தது, மண் அசையவில்லை. முழங்கையைத் தொடையோடு ஒட்டி, கையைப் பூட்டு போட்டதுபோல் நிறுத்தி, உடம்பின் கனத்தைச் சாய்த்த பிறகுதான் வழிக்கு வந்தது. கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் சுலபம். மண் நடுவுக்கு வந்துவிட்டால் உள்ளங்கைக்கடியில் ஏதோ சுற்றுகிறது என்பதே தெரியாது, அவ்வளவு அமைதி. அப்புறம் தண்ணீர். நான் ஊற்றிய தண்ணீரில் பாதிக்கு மேல் வீண். மண் குடித்துக் குடித்துத் தளர்ந்து, சுவர் ஏறும் நேரத்தில் இடுப்பொடிந்து உட்கார்ந்துவிடும்.

என்னைத் திருப்பிப் போட்டது ஒரு பயிற்சி. அரை கிலோ உருண்டைகள் பத்து. பத்திலும் ஒரே நேர் உருளை. எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது, கம்பியால் மேலிருந்து கீழாக இரண்டாக அறுத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் அறுக்கவே மனசு வரவில்லை. அறுத்தால் தெரிந்தது: விளிம்பு அப்பளம் மாதிரி, அடிச்சுவர் கட்டைவிரல் தடிமன். என் பாத்திரங்கள் ஏன் அம்மிக்கல்போல் கனத்தன என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. இழுக்க வேண்டிய மண்ணை அடியிலேயே விட்டுவிட்டு மேலே போயிருக்கிறேன். ஆறு மாதம் இப்படி அறுத்ததில் கற்றதுதான் அதிகம். வகுப்பு முடித்தவர்கள் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்கிறேன், யாரும் செய்வதில்லை.

நன்றாக வந்த கோப்பைகளும் காயும்போது கழுத்தறுத்தன. அடியில் ஆங்கில எஸ் எழுத்து போல ஒரு விரிசல். அடிமண்ணை அழுத்தி இறுக்காமல் விட்டதும், உள்ளே தேங்கிய தண்ணீரை ஒற்றி எடுக்காததும்தான் காரணம். இப்போது ரிப் என்ற தட்டையான கைக்கருவியால் அடியை இரண்டு மூன்று முறை அழுத்துகிறேன். விளிம்பு கொஞ்சம் இறுகியதும் கவிழ்த்து, பிளாஸ்டிக் தாளால் மூடி மெதுவாகக் காயவிடுகிறேன். விரிசல் அநேகமாக நின்றுவிட்டது.

டிரிம்மிங்கில், அதாவது பாதி காய்ந்த பாத்திரத்தில் மிச்ச மண்ணைச் செதுக்குவதில், பதம்தான் எல்லாம். நகம் வைத்தால் தடம் விழ வேண்டும், பிடித்து அழுத்தினால் வளையக் கூடாது. ஒரு நாள் தாமதித்தால் செதுக்குவதற்குப் பதில் தூள் கொட்டும். அந்தத் தூளைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, அதில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. ஈரப் பஞ்சால் மட்டும் துடைக்கிறேன். வீணான மண்ணை மறுபடி கரைக்க வேண்டுமென்றால் முழுக்கக் காயவிட்டுத் தண்ணீரில் போடுங்கள், தானே உதிரும். அரைகுறை ஈரத்தில் போட்டால் கட்டியாகவே கிடக்கும்.

ஒரு வருடம் கழித்து, பழைய மேஜைச் சக்கரம் ஒன்று வாங்கினேன். ஒரு கிலோ வரை சமர்த்து. இரண்டு கிலோ வைத்து அழுத்தினால் மோட்டார் முனகி நின்றுவிடுகிறது. கிண்ணம், கோப்பைக்குப் போதும், பெரிய ஜாடிக்கு ஆகாது. அவசரப்பட்டு வாங்கிவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். சூளை இன்னும் பொதுச் சூளைதான். முதல் சூடு 1000 டிகிரி செல்சியஸ் அளவில், கிளேஸ் என்ற கண்ணாடிப் பூச்சு பூசிய பிறகு, அதிகச் சூட்டில் இறுகும் ஸ்டோன்வேர் மண்ணுக்கு 1200-க்கு மேல். எல்லாம் முடிந்து வெளியே வரும்போது என் மண் 12 சதவீதம் சுருங்கிவிடுகிறது. தாராளமான டீக் கோப்பை என்று வனைந்தது நாலு மடக்குக் காபிக்குத்தான் ஆகும்.

மூடிதான் இன்னும் கைக்கு வரவில்லை. ஒரு மூடி உள்ளே விழுந்தது, ஒன்று உட்காரவே மாட்டேன் என்றது. ஜாடியை ஒரு நாளும் மூடியை ஒரு வாரம் கழித்தும் வனைந்தது என் தப்பு. இப்போது ஒரே மண், ஒரே நாள், காலிப்பர் என்ற அளவுக் கருவியில் வாய் அகலத்தை அளந்து இரண்டு ஜோடி செய்து வைத்திருக்கிறேன். அடுத்த முதல் சூட்டுக்கு, மூடியை ஜாடி மேல் உட்கார வைத்தே அனுப்பப் போகிறேன்.